பனியில வாங்கின வெத்தலை

அது மணிதான் தம்பி. பயப்படாதிய. பஸ்ஸு குழில விழும்போதெல்லாம் எங்கயோ கோயில் நடை திறந்துட்டாவன்னு நீங்க சுத்தி முத்திப் பாக்கிய. முன் சீட்டு அம்மா ரெண்டு தடவை கன்னத்துல போட்டுக்கிட்டாவ. எனக்குச் சிரிப்பு தாங்கல. நம்ம மடியில இருக்கிற மூட்டைதான் அது.

மாட்டு மணி. நம்மூரு மாட்டு மணி இல்ல, ஸ்விட்சர்லாந்து மாட்டு மணி. இந்தாங்க, தூக்கிப் பாருங்க. பாத்தியளா, கை கீழ போயிட்டா? இதைக் கழுத்துல கட்டிக்கிட்டுத்தான் அந்த ஊரு மாடு மலை மேல மேயுது. நம்ம மாட்டுக்குக் கட்டினா அன்னைக்கே மாட்டாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கணும்.

திருநவேலிக்குப் பேரு வெட்டக் கொண்டு போனேன். குடத்துல சட்டியில எல்லாம் வெட்டுவாம்லா, அந்த ஆளுகிட்டதான். மணியைப் பாத்துட்டு, அண்ணாச்சி என் மெஷின் ஊசி ஒடிஞ்சிரும்னு ஒரே அழுகை. ஒடிஞ்சா நானே கடிச்சு வெட்டுதேன், நீ ஆரம்பின்னேன். ‘மருமகள் உலகம்மாள் திருமணத்திற்கு தாய்மாமன் பூவலிங்கம் அன்பளிப்பு.’ அந்தத் தாய்மாமன்ங்கிறதை மட்டும் நல்லா கொட்டை எழுத்துல வெட்டச் சொன்னேன். பொண்ணு பேரைவிடப் பெருசா வருதே அண்ணாச்சிங்கான். நீ வெட்டுடே, கேள்வி கேக்காதன்னேன். எதுக்குன்னு உமக்குச் சொல்லுதேன். தென்காசி வரைக்கும் போறீருல்லா? நான் பாவூர்சத்திரத்துல இறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சிரலாம்.

பாவூர்சத்திரத்துல மோட்டார், பைப் கடை நமக்கு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எதிர்த்தாப்புல இன்னொரு மோட்டார், பைப் கடை இருக்கும். அதைப் பாக்காதிய. அது என் மாப்ளை கடை. கோமதிநாயகம்னு பேரு. என் கூடப்பொறந்த தங்கச்சி செண்பகத்தைக் கட்டின மாப்ளை. முன்னாடி ரெண்டு பேருக்கும் ஒரே கடைதான். பொறவு ஒரு பிளெக்ஸ் போர்டு வந்துச்சு. குடும்பம் ரெண்டாப் போச்சு.

சிரிக்காதிய. உலகு, அதான் தங்கச்சி மக, அவ சடங்குக்கு பஸ் ஸ்டாண்டுல பிளெக்ஸ் வெச்சான். பொண்ணு படம் பெருசு, சரி. அவன் படம் பெருசு, போகட்டும். அவன் தம்பி, தம்பி பொண்டாட்டி, மோட்டார் கம்பெனி ஏஜென்ட் வரைக்கும் பெருசு. தாய்மாமன் நான் எங்க? தேடுதேன், தேடுதேன், இடது பக்கம் கீழ மூலையில, பிரஸ்காரன் போன் நம்பரு பக்கத்துல, தபால்தலை மாதிரி ஒட்டியிருக்கேன். அதுலயும் பாதி முகத்துல ஆணி. சீர் தட்டோட வந்தவன் ரோட்டுல நின்னு அதைப் பாத்தேன். தட்டை வெச்சேன், மாலையைப் போட்டேன், பந்தில உக்காராம வந்துட்டேன். அடுத்த மாசம் எதிர்ல கடையைத் திறந்தேன்.

அன்னைல இருந்து பேச்சு கிடையாது. பேச்சு கிடையாதுன்னா, நேர்ப் பேச்சு கிடையாது. சாடைப் பேச்சு உண்டு. அவன் ஷட்டரைத் திறக்கும்போது நான் லோடு ஆட்டோகிட்டச் சொல்லுவேன், சில பேரு மட்டமான பைப்பை நல்ல பைப்புன்னு விக்கான் வண்டியேன்னு. அவன் அவங்கடை முன்னாடி படுத்திருக்கிற நாய்கிட்டச் சொல்லுவான், சில பேருக்கு வாயி வழியாதான் வியாபாரம் ஓடுது நாயேன்னு. அந்த நாயி பாவம், ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்கும். எட்டு ஒம்பது வருஷமா எங்க ரெண்டு பேரு விஷயமும் அந்த நாய்க்குத்தான் பூரா தெரியும்.

இப்ப உலகுக்குக் கல்யாணம் கூடிருக்கு. மாப்பிள்ளை கோயம்புத்தூர்ல வேலை. நிச்சயம் முடிஞ்சிருச்சு. என்னைக் கூப்பிடல. சரி, நிச்சயம்தானே. ஆனா கல்யாணத்துக்கு, தாய்மாமன் வீட்டுக்கு மொதல்ல வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா இல்லையா? நான் மாலை போட்டுக் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகாம அந்தப் பிள்ளை எப்படி ஏறும்? அது பொறந்தப்ப மொதல்ல கையில வாங்கினது நானு. எங்கையிலதான் மொதல்ல மூத்திரம் போச்சு. வெத்தலை வந்தாப் போவேன். வரலன்னா அன்னைக்குக் கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்படித்தான் எங்க வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன். அவ தோசையைத் திருப்பிப் போட்டா.

இந்த நேரத்துலதான் பைப் கம்பெனிக்காரன் ஒரு திட்டம் போட்டான். பங்குனிக்குள்ள இத்தனை லோடு எடுத்த டீலருக்கு ஸ்விட்சர்லாந்து டூரு. எனக்கு ஊரு சுத்துற ஆசையே கிடையாது தம்பி. துபாய் வந்துச்சு, போகல. பாங்காக் வந்துச்சு, பக்கத்துக் கடைக்காரன் கண்ணடிச்சான், அதுக்கும் போகல. இதுக்கும் போறதா இல்ல. ஒருநாள் கம்பெனி ரெப்பு வந்து டீயைக் குடிச்சுக்கிட்டே சொல்லுதான், எதிர்க்கடை அண்ணாச்சி டார்கெட்டை முடிச்சிட்டாருன்னு. அந்தால நானும் ஆர்டர் போட்டுட்டேன். வேற எதுக்கு? அவன் மட்டும் போயிட்டு வந்து ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிவாம்லா. அதுக்குத்தான்.

இப்ப எங்க வீட்டுல முன்னறை, நடை, மாடிப்படிக்கு அடியில எல்லாம் பைப்பு. எங்க வீட்டுக்காரி ராமலட்சுமி அதுலதான் துணி காயப்போடுதா. அவ எதுக்குமே சரின்னு சொல்லாதவ. இதுக்கு மட்டும் போயிட்டு வாங்க, கண்டிப்பாப் போகணும்னு என் பெட்டியை அவளே கட்டினா. எம்மேல அம்புட்டுப் பிரியம். அவனைக் கேட்டா இன்னும் வேடிக்கை. அவன் கடைக்குப் பின்னாடி காலி மனையில பைப்பு மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. விக்கவும் இல்ல. வியாபாரம் தெரிஞ்சவன் எவனாவது தேவையில்லாம இம்புட்டுச் சரக்கை எடுப்பானா? அவன் எதுக்கு எடுத்தான்னு எனக்கு இன்னைய வரைக்கும் வெளங்கல.

ஏரோப்ளேன்ல ஏறினா ஆளுக்கு ஒரு மூலை. இறங்கி ஓட்டலுக்குப் போனா, ரூம் ரூமா சாவியைக் குடுக்காவ. எங்களைக் கூட்டிட்டுப் போனது லிடியா மேடம், தூத்துக்குடிப் பிள்ளை, வாயைத் திறந்தா பட்டாசு. அது ஒரு சாவியை நீட்டி, பாவூர்சத்திரம் ரெண்டு பேரும் ஒரே ரூமுங்குது. நான் தரையைப் பாத்தேன். அவன் முகட்டைப் பாத்தான். ஏம்மா இப்படிப் போட்டன்னு தனியாக் கேட்டா, ஊரு பேரு வெச்சுப் போட்டேன் அண்ணாச்சின்னு சொல்லிட்டுச் சிரிக்கா. என்ன சிரிப்போ.

ரூமுக்குள்ள போனா ஒரே கட்டில்.

நடுவுல ரெண்டு பெட்டியையும் வெச்சு வரப்பு கட்டினோம். பேச்சில்லாமலே கட்டினோம் தம்பி, அவன் தலைமாட்டுப் பக்கம் வெச்சான், நான் கால்மாட்டுப் பக்கம் வெச்சேன், அளவெடுத்த மாதிரி சரியா இருந்துச்சு. பொறவு சாடைப் பேச்சு ஆரம்பிச்சுச்சு. நாய் இல்லல்லா அங்க? அதனால நான் ஹீட்டர்கிட்டப் பேசினேன். சில பேரு குறட்டைக்கு உன் சத்தமே பரவால்ல ஹீட்டரேன்னேன். அவன் சுவத்துல மாட்டியிருந்த ஒரு படத்துல நின்ன மானுகிட்டச் சொன்னான், சில பேரு குளிக்கப் போனா ரூமுக்குள்ளயே ஏரி ஆயிருது மானேன்னு.

ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிபடல. அவனுக்கு வெத்தலை போடுற பழக்கமே கிடையாது. பாக்கைக் கடிச்சாலே தலை சுத்தும்னு சொல்லுவான். அப்படிப்பட்டவன் பெட்டிக்குள்ள இருந்து, பனியனுக்கு நடுவுல சுருட்டி வெச்ச ஒரு ஈரத்துணியை எடுத்தான். பிரிச்சா உள்ள வெத்தலை. ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்து, தண்ணி தெளிச்சு, மறுபடி சுருட்டி ஜன்னல் திண்டுல வெச்சான். ஏர்போர்ட்டுல பாத்திருந்தா அவனையும் அதையும் சேத்துக் குப்பையில போட்டிருப்பாவ. காலையில எந்திச்சதும் பல்லு விளக்குறதுக்கு முன்னாடி வெத்தலையைப் பாக்கான். அழுகினதைக் கிள்ளி எடுக்கான், முகம் தொங்கிப் போகுது. சாயங்காலம் வந்ததும் தெளிக்கான். குளிருக்கு இதமா இருக்கும்னு புதுசாப் பழகுதான் போலன்னு நினைச்சேன். அப்ப ஒரு தடவையாவது போடணுமே? போடவும் மாட்டேங்கான். சில பேருக்குப் பைத்தியம் வெளிநாட்டுலதான் முத்தும் ஹீட்டரேன்னு சொன்னேன். அவன் மானைக்கூடப் பாக்காம தண்ணி தெளிச்சுக்கிட்டிருந்தான்.

ஊரு எப்படி இருந்துச்சுன்னு கேக்கிறீரு. அதைச் சொல்ல எனக்குப் படிப்பு பத்தாது. லூசர்ன்னு ஒரு ஊரு. மரத்துலயே ஒரு பாலம், மேல ஓடு வேஞ்சு, உள்ள படம் எழுதி, ரெண்டு பக்கமும் பூந்தொட்டி. ஆத்துத் தண்ணி கண்ணாடி. அடியில கிடக்கிற கூழாங்கல்லு நம்மளைப் பாத்து என்னடேன்னு கேக்கிற மாதிரி தெரியுது. அன்னம் நீந்துது. படத்துல வார அன்னம் தம்பி, நிசமா, கழுத்தை வளைச்சுக்கிட்டு அது பாட்டுக்கு நம்ம ரொட்டியைப் பிடுங்குது. மலையில புல்லு பூரா முடிவெட்டிச் சவரம் பண்ணி விட்ட மாதிரி. மாடெல்லாம் குளிச்சுத் தலை சீவிப் பொண்ணு பாக்கப் போற மாதிரி நிக்கி. சாணி எங்க போடுதுன்னு கண்டுபிடிக்க நானும் ஒட்டன்சத்திரம் டீலரு காத்தவராயனும் ஒரு தொழுவத்தைச் சுத்திச் சுத்தி வந்தோம். வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து ஏதோ கேட்டா. சும்மா, விருந்தாளின்னு கும்பிட்டுட்டு வந்துட்டோம்.

ஒரு குப்பை கிடையாது. முறுக்கு வாங்கின பிளாஸ்டிக் கவரைக் கீழ போட மனசு வராம டவுசர் பையிலயே வெச்சிருந்தேன். அந்தக் கவரு என்கூட ஸ்விட்சர்லாந்து பூரா பாத்துட்டு ஊரு வந்து சேந்துச்சு.

பொறவு ஒரு பள்ளத்தாக்குக்குக் கூட்டிட்டுப் போனாவ. அங்க போயித்தான் எனக்குக் கிறுக்குப் பிடிச்சுச்சு. ரெண்டு பக்கமும் பாறை செங்குத்தா நிக்கி, எங்க பாத்தாலும் அருவி. ஒண்ணு இங்க விழுது, ஒண்ணு அங்க விழுது, ஒண்ணு பாதி வழியிலயே புகையாப் போவுது. நாம யாரு? குத்தாலத்துக்காரன். அருவியைப் பாத்துட்டு சும்மா வாரதுக்கா எங்கம்மா பெத்தா? அங்க வந்த வெள்ளைக்காரன் எல்லாம் அருவியைத் தூர நின்னு போட்டோ எடுக்கான். ஒருத்தன்கூடக் குளிக்கல. இம்புட்டுத் தண்ணியைச் சும்மா விழ விட்டிருக்கான். எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

பைக்குள்ள கையை விட்டா, ராமலட்சுமி துண்டும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் வெச்சிருக்கா. சட்டையைக் கழத்தினேன். பாறைக்கு அந்தாண்ட பாத்தா, அவனும் சட்டையைக் கழத்துதான். அவன் கையிலயும் எண்ணெய். தலைக்குத் தேச்சோம், நெஞ்சுக்குத் தேச்சோம், தனித்தனியா, முதுகைக் காட்டிக்கிட்டு. முதுகுக்கு வந்தப்பதான் ரெண்டு பேருக்கும் கை எட்டல. குத்தாலத்துல ஆளு வெச்சுத் தேப்போம், இங்க யாரைக் கூப்பிட? அவன் அருவியைப் பாத்துச் சொன்னான், முதுகுல எண்ணெய் இல்லாம இறங்கினா சளி பிடிக்குமே அருவியேன்னு. நானும் அருவிகிட்டயே சொன்னேன், எனக்கும்தானே பிடிக்கும்னு.

நான் அவன் பக்கத்துல போய் முதுகைக் காட்டி நின்னேன். அவன் திரும்பி எண்ணெயைக் கையில ஊத்தினான். என்னைக்குமே இல்லாத மாதிரி தேச்சு விட்டான் தம்பி, நாலு அடியும் சேத்து அடிச்சான், இத்தனை வருஷக் கோவத்துக்கு. நான் தேக்கும்போது வட்டியோட திருப்பிக் குடுத்தேன்.

இறங்கினோம். அது தண்ணி இல்ல, ஊசி. மலையில பனி உருகி நேரா நம்ம மண்டையில விழுது. அய்யோன்னு கத்த வாயைத் திறந்தா சத்தம் உறைஞ்சு போச்சு. ரெண்டு பேரும் குதிக்கோம், சிரிக்கோம், பல்லு தந்தியடிக்கி. எதுக்குச் சிரிக்கோம்னு தெரியல. சப்பான்காரங்க ஒரு கூட்டம் வரிசையா நின்னு படம் எடுக்கு. நெட்டையா ஒரு வெள்ளைக்காரன் சட்டையைக் கழத்திட்டு வந்து முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கான். அவனுக்கும் தேச்சு விட்டேன். என் பாவம், அவன் உள்ள இறங்கினதும் போட்ட சத்தத்துக்கு மேய்ஞ்சுக்கிட்டிருந்த மாடு பூரா ஓடிப் போச்சு, இந்த மணி மாதிரி மணியெல்லாம் கலகலன்னு. லிடியா மேடம் தலையில கை வெச்சு உக்காந்துட்டா. குளிக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு அண்ணாச்சிங்கா. போர்டு என்ன பாஷையில இருக்குன்னேன்.

ஆலங்குளம் வந்துட்டா? வந்துட்டு. சீக்கிரம் சொல்லுதேன்.

கடைசி நாளைக்கு மலை உச்சி. பனி மலை. கம்பியில தொங்கிக்கிட்டுப் போற பெட்டி. காலையில ரூமுல பாக்கேன், அவன் வெத்தலையை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கான். அழுகினது போக ஒரு சின்னக் கட்டுதான் மிச்சம். மானுகிட்ட மெதுவாச் சொல்லுதான், இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்னு. என்ன அவ்வளவுதான்? டூருதான் முடியுதே, அதைச் சொல்லுதான்னு நினைச்சேன்.

லிடியா மேடம் எங்க ரெண்டு பேரையும் ஒரே பெட்டிக்குள்ள தள்ளி, படக்குன்னு கதவைச் சாத்திட்டா. அவனுக்கு உயரம் ஆகாது. மோட்டார் மாட்டக் கிணத்துப் படியில இறங்கவே ஆளு வெப்பான். பெட்டி மேல ஏற ஏற, கீழ ஊரு தீப்பெட்டியாச்சு, மாடு எறும்பாச்சு, பொறவு மேகம் வந்து சுத்திச்சு. வெள்ளையா, பால்ச்சட்டிக்குள்ள போட்ட மாதிரி. அப்ப பெட்டி நின்னு போச்சு. கீழ யாரோ ஏறத் தடுமாறினா கொஞ்ச நேரம் நிறுத்துவாவளாம், அது எங்களுக்கா தெரியும்? காத்துல இப்படி ஆடுது. அவன் கண்ணை இறுக்கி மூடிட்டான். அவன் கை எங்கையை வந்து பிடிச்சுச்சு. நான் பிடிக்கல, அவன்தான் பிடிச்சான். நான் உதறல, அம்புட்டுத்தான்.

“மச்சான்.”

நான் கம்பியைப் பாத்தேன். இங்க ஹீட்டரும் இல்ல, மானும் இல்ல. என்னைத்தான் சொல்லுதான்.

“மச்சான், கண்ணைத் திறக்கலாமா?”

“திறக்காத மாப்ளை. கீழ ஒண்ணுமே இல்ல.”

எட்டு ஒம்பது வருஷத்துக்குப் பொறவு நான் அவன்கிட்ட நேராச் சொன்ன மொத வார்த்தை அதுதான். எம்புட்டு நல்ல நல்ல வார்த்தையா யோசிச்சு வெச்சிருந்தேன் தெரியுமா. குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பாத்துச் சேத்து வெச்சது. ஒண்ணுகூட வாயில வரல.

“இது அந்து விழுந்துட்டா உலகுக்கு மாலை யாரு மச்சான் போடுவா?”

“விழுந்தா நானும்லா கூட விழுவேன்.”

“அதான் கேக்கேன்.”

சொல்லிட்டு, கண்ணை மூடின மேனிக்கே, கோட்டுக்குள்ள, சட்டைக்குள்ள, அதுக்கும் உள்ள குளிருக்குப் போட்டிருக்கிற தெர்மல் சட்டைக்குள்ள கையை விட்டான். அந்த ஈரத்துணி. அம்மாங் குளிருல ஈரத்துணியை நெஞ்சோட ஒட்டிக் கட்டிக்கிட்டு வந்திருக்கான். வெத்தலையை எடுத்தான். பயத்துல வாயில போடப் போறான், தலை சுத்தி விழப் போறான்னு நான் பதறுதேன். அவன் ரெண்டு கையிலயும் ஏந்தி என் பக்கம் நீட்டுதான். நான் உக்காந்த இடம் தெரியாம ஜன்னலைப் பாத்து நீட்டுதான்.

“வாங்கிக்கிடுங்க மச்சான்.”

அப்பதான் தம்பி எனக்கு மண்டையில ஏறுச்சு. ஏறின உடனே எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வெத்தலை வெக்கிற இடமா இது?

“தட்டுல வெச்சுக் குடு. நின்னு குடு. கிழக்க பாத்துக் குடு. தொங்கிக்கிட்டுக் குடுத்தா வாங்குறதுக்கு நான் என்ன வௌவாலா?”

அவன் கை அப்படியே நின்னுச்சு. மெதுவா மடக்கினான். துணியில சுத்தினான். முகம் வத்திப் போச்சு. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கிட்டுக் கிளம்பினது அவனுக்குத் தெரியவே இல்ல. நான் என்ன தப்பாச் சொன்னேன்? முறையைத்தானே சொன்னேன்.

மேல பனி. வெள்ளைன்னா வெள்ளை, சுண்ணாம்பு அடிச்ச புது வீடு மாதிரி கண்ணு கூசுது. சுத்திலும் மலை மலையா மண்டையில பஞ்சை வெச்சுக்கிட்டு நிக்கி. எல்லா டீலரும் பனியை உருட்டி எறிஞ்சு விளையாடுதான். இவன் மட்டும் ஒரு ஓரமா நின்னு துணியைப் பிரிச்சுப் பாக்கான். எட்டிப் பாத்தேன். வெத்தலை ஓரம் கறுக்க ஆரம்பிச்சிருச்சு. பனிக் காத்து தம்பி, வெத்தலைக்கு ஆகுமா? என் கண்ணு முன்னாடியே ஒண்ணு சுருண்டு போச்சு.

ஓடினேன். யாருக்கு அவசரம்? அவனுக்குத்தான். ஆனா அவன் நிக்கான், ஓடினது நானு. அங்க ஒரு சாப்பாட்டுக் கடை. தட்டு குடும்மான்னேன், அந்தப் பிள்ளை உருளைக்கிழங்கு வறுவலோட ஒரு தட்டைக் குடுத்துச்சு. வறுவலைக் காத்தவராயன் குல்லாவுக்குள்ள கொட்டிட்டுத் தட்டோட வந்தேன். பழம்? லிடியா மேடம் பையில ஆப்பிள். கல்கண்டு? காப்பிக் கடையில சின்னச் சின்ன உறையில சீனி இருக்குமே, ஒரு கை அள்ளினேன். கிழக்கு? மேகம் மூடிக் கிடக்கு, சூரியனைக் காணோம். லிடியா மேடம் போனை வெச்சுக்கிட்டு வட்டம் சுத்துதா. இந்தப் பக்கம் அண்ணாச்சி, இல்ல இந்தப் பக்கம்னு அவ திரும்பத் திரும்ப, இருபது டீலரும் கூடவே திரும்புதான். தட்டை அவங்கையில குடுத்தேன். இந்தா வெய்யி, சீக்கிரம் வெய்யி, கறுத்துரும்னேன்.

வெச்சான். பாக்கும் வெச்சான், பையில தனியா முடிஞ்சு வெச்சிருக்கான் பாருங்க. கிழக்க பாத்து நின்னான். மூக்கு சிவந்து போச்சு, காத்துல தட்டுல சீனி உறை சலசலங்குது.

“மச்சான், வார ஆவணியில நம்ம உலகுக்குக் கல்யாணம். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்.”

நான் பிளெக்ஸ் கதையை அப்பதான் எடுக்கணும்னு இருந்தேன். அத்தனை பேரு முன்னாடி, மைக் இல்லாமலே, தபால்தலை, ஆணி, எல்லாத்தையும். ஆனா பனியில கண்ணு கூசித் தண்ணி வரும் தம்பி, அதுக்குத்தான் எல்லாவனும் கறுப்புக் கண்ணாடி போடுதான், எனக்கு அந்தக் கண்ணாடி வாங்க விட்டுப் போச்சு. தட்டை வாங்கக் கையை நீட்டி ஒரு அடி வெச்சேன்.

கால் வழுக்கிருச்சு.

நான் தட்டைப் பிடிச்சேன், அவன் என்னைப் பிடிச்சான், ரெண்டு பேரும் குண்டி தரையில பட, சர்ருன்னு சறுக்கிக்கிட்டுப் போறோம். அவன் கத்துதான், வெத்தலை வெத்தலைன்னு. தட்டை நான் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிருக்கேன். ஆப்பிள் எங்களுக்கு முன்னாடி உருண்டு போவுது. பின்னாலயே ஒட்டன்சத்திரம்காரன் வறுவல் குல்லாவோட ஓடி வாரான். கீழ ஆரஞ்சு வலை ஒண்ணு கட்டியிருந்தாவ, அதுல போய் மீனு மாதிரி விழுந்தோம். மேல அத்தனை வெள்ளைக்காரனும் கை தட்டுதான், லிடியா மேடம் போனுல படம் பிடிக்கா. விளையாட்டுன்னு நினைச்சுட்டான். ரெண்டு சின்னப் பிள்ளைக அவுக அம்மாகிட்ட எனக்கும் தட்டு வேணும்னு அழுது போல.

வலையில கிடந்துக்கிட்டே தட்டைப் பாத்தேன். வெத்தலை இருந்துச்சு. ஓரம் கறுத்திருந்துச்சு, ஆனா இருந்துச்சு. எடுத்து நெஞ்சுப் பையில வெச்சேன். அவன் இப்ப கண்ணைத் திறந்து என்னையே பாக்கான்.

“பிளெக்ஸுல படம் பெருசாப் போடணும்”னேன்.

“போடுதேன் மச்சான்.”

அம்புட்டுத்தான். இன்டர்லாக்கன்னு ஒரு ஊருல அன்னைக்குச் சாயங்காலம் ஒரு கடையில இந்த மணியைப் பாத்தோம். அவன்தான் காட்டினான். உலகு கோயம்புத்தூர்ல இதை வாசல்ல கட்டட்டும், மாமியார் வீட்டுல ஒரு சங்கடம்னா அடிக்கட்டும், தாய்மாமன் ஓடி வந்துருவேன்னேன். அப்பனும் வருவேன்னான். ஒரு மணிக்கு ஒரு ஆளு போதும்னேன். அதுக்கு ஒரு சண்டை, அது தனிக்கதை. ஊருக்கு வந்து வீட்டுல வெத்தலையைக் காட்டினா, ராமலட்சுமி அதிசயப்படவே இல்ல. கறுத்துட்டா, செண்பகம் இன்னும் கொஞ்சம் கூடுதலா வெச்சு விட்டிருக்கலாம்னா. அவளுக்கு எப்படித் தெரியும், வெத்தலை வெச்சு விட்டது செண்பகம்னு? கேக்க மறந்துட்டேன். கேக்கணும்.

இந்தா ஊரு வந்துட்டு. நாளை கழிச்சு கல்யாணம், நீங்களும் வாங்க, மண்டபம் ரயில்வே கேட்டுக்கு முன்னாடி. இந்த ஜன்னல் வழியாப் பாருங்க, பிளெக்ஸ் வெக்க காலையில கம்பு நட்டிருந்தாவ, இந்நேரம் கட்டியிருப்பாவ. அந்தா, அந்தா தெரியுது பாருங்க. யாரு அது? நாந்தான். நாந்தான் தம்பி. பனிமலைக்கு நடுவுல, குல்லாயோட, தட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு. பல்லு எல்லாம் தெரியுது. என் மூக்கே ஒரு ஆளு உயரம் இருக்கும் போலிருக்கே. முன் சீட்டு அம்மா, பாருங்க, அது நாந்தான்.

ஆமா, பொண்ணு மாப்பிள்ளை படம் எங்க?

எங்க? நல்லாப் பாருங்க, உமக்குக் கண்ணாடி இருக்குல்லா. மூலையிலயா? எந்த மூலை? பிரஸ்காரன் போன் நம்பரு பக்கத்துலயா?

மூதி. வெளங்காத பய. கல்யாணம் உலகுக்கா எனக்கா? என் மருமகளைத் தபால்தலையாக்கிட்டானே. அந்தப் பிள்ளை ரோட்டுல நின்னு தன் படத்தைத் தேடாதா? இதை நான் விடுவேன்னு நினைக்கிறீரா? மாலை போடுவேன், மணவறையில ஏத்துவேன், அது என் முறை. ஆனா இவன்கிட்ட இனிமே ஒரு வார்த்தை நேர்ப் பேச்சு கிடையாது. பாத்துக்கிட்டே இருங்க, தம்பி, அந்தா கடை வாசல்லதான் நிக்கான், என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுதான். கொஞ்சம் நகருங்க, இறங்கிக்கிடுதேன். மூட்டையைக் குடுங்க.

ஏ மணி, சில பேருக்குப் பிளெக்ஸ் போடத் தெரியாது, கேட்டியா.